வால்வு போனோ ஸ்டேஜைக் கேட்டுப் பார்த்து எடைபோடும் முறை

டர்ன்டேபிள் தரும் மிகச் சிறிய சிக்னலைப் பெருக்கி ஆம்புக்கு அனுப்பும் பெட்டிதான் போனோ ஸ்டேஜ். புதிதாக வந்த வால்வு (வெற்றிடக் குழாய்) போனோ ஸ்டேஜைப் பழையது இருந்த இடத்தில் மாட்டி, பிடித்த எல்பியைப் போட்டதும் மனதில் எழும் முதல் எண்ணத்தை நம்ப வேண்டாம். காதில் விழுந்த வித்தியாசம் உண்மைதான். ஆனால் அது வால்வினால் வந்ததா என்பது வேறு கேள்வி. கெயின் (பெருக்கும் அளவு) 2 டெசிபல் கூடியிருக்கலாம். கார்ட்ரிட்ஜ் (ஊசியைத் தாங்கிச் சிக்னலைத் தரும் பாகம்) பார்க்கும் கெபாசிட்டன்ஸ் 100 பிக்கோஃபாரட் ஏறியிருக்கலாம். அடுத்து நிற்கும் ஆம்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் (மின்மறுப்பு) இதற்குப் போதாமல் இருக்கலாம். இந்த மூன்றும் சேர்ந்துதான் பல நேரம் 'வால்வு ஒலி' என்று பெயர் வாங்குகின்றன. இவற்றை முதலில் ஒதுக்கிவிட்டு, அதன் பிறகும் மிஞ்சுவதைக் கேட்டு எழுதினால்தான் அந்தக் குறிப்பு இன்னொருவருக்கு உதவும்.

இங்கே எடுத்துக்கொள்வது 12ஏஎக்ஸ்7 வால்வு போட்ட ஸ்டேஜ். ஐரோப்பாவில் இதற்கு ஈசிசி83 என்று பெயர். கிடைக்கும் வால்வு போனோ ஸ்டேஜ்களில் பெரும்பாலானவை இந்த வால்வையே நம்பியிருக்கின்றன.

பெட்டியைத் திறக்கும் முன்

உள்ளே 250 முதல் 300 வோல்ட் வரை டிசி இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் அது தங்கியிருக்கும். ஐந்து நிமிடம் பொறுத்து, மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து பெரிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் இரு முனைகளிலும் அளந்து, 10 வோல்ட்டுக்குக் கீழே வந்த பிறகே கை வைக்க வேண்டும். அமெரிக்காவிலிருந்து வந்த பெட்டி என்றால் டிரான்ஸ்ஃபார்மர் 120 வோல்ட்டுக்கானதா என்று பாருங்கள். நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் அதோடு முடிந்தது.

ஆன் செய்யும்போது ஆம்பின் வால்யூம் பூஜ்யத்தில் இருக்கட்டும். ஹீட்டர் சூடாகி வோல்டேஜ் நிலைப்படும்வரை ஸ்பீக்கரில் 'தொப்' என்று ஒரு அடி வர வாய்ப்பு உண்டு. ஒரு நிமிடம் கழித்து வால்யூமை ஏற்றலாம். கேட்டு எடைபோட உட்காருவது அரை மணி நேரம் கழித்துத்தான்.

கார்ட்ரிட்ஜ் பக்கம்: பெரும்பாலான தவறு இங்கேதான்

எம்எம் (காந்தம் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ் என்பது உள்ளே ஒரு காயில். அதன் இண்டக்டன்ஸும், கேபிள், போனோ ஸ்டேஜ் இரண்டின் கெபாசிட்டன்ஸும் சேர்ந்து மேல் ஸ்தாயி அதிர்வெண்களில் ஒரு ரெசனன்ஸை (ஒத்ததிர்வை) உண்டாக்கும். கெபாசிட்டன்ஸ் கூடக் கூட அது கீழே இறங்கி, காதுக்கு நன்றாகத் தெரியும் இடத்துக்கு வந்துவிடும்.

வால்வு ஸ்டேஜில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. 12ஏஎக்ஸ்7-இன் அனோடுக்கும் (சிக்னல் வெளியேறும் முனை) கிரிட்டுக்கும் (சிக்னல் நுழையும் முனை) இடையே உள்ள கெபாசிட்டன்ஸ் சுமார் 1.7 பிக்கோஃபாரட்தான். ஆனால் அந்த வால்வு 60 மடங்கு பெருக்கினால், உள்ளீட்டிலிருந்து பார்க்கும்போது அது 61 மடங்காகத் தெரியும். 1.7 பெருக்கல் 61, ஏறத்தாழ 104. இதுதான் மில்லர் விளைவு. வால்வு சாக்கெட்டுக்கும் உள் வயரிங்குக்கும் 20 சேர்த்தால் 124. டோன்ஆர்ம் வயரும் வெளிக் கேபிளும் சேர்ந்து 150 என்றால் மொத்தம் 275 பிக்கோஃபாரட்டைத் தொடுகிறது. சர்க்யூட்டில் எங்குமே ஒரு கெபாசிட்டரைப் போடாமலே இவ்வளவு.

ஆடியோ-டெக்னிகா விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்குக் கம்பெனி சொல்வது 100 முதல் 200 வரை. அதன் காயில் 550 மில்லிஹென்றி. 150 பிக்கோஃபாரட்டில் ரெசனன்ஸ் 17.5 கிலோஹெர்ட்ஸுக்குப் பக்கத்தில் நிற்கும், தொந்தரவில்லை. 275-இல் அது 13 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். அதற்குக் கீழே ஒரு மேடு, அதற்கு மேலே சரிவு. பாட்டில் வரும் 'ஸ' கடிக்கும், வயலின் வில்லின் உராய்வு முன்னே துருத்தும், ஆனால் தாளக் கருவிகளின் ஒலிக்கு மேலே இருக்கும் காற்றோட்ட உணர்வு காணாமல் போகும். கேட்பவர் 'இந்த வால்வு கொஞ்சம் கூர்மை, ஆனால் மேலே மூடல்' என்று எழுதி, வேறு வால்வு வாங்கக் கிளம்பிவிடுவார். பிரச்சினை வால்வின் தரத்தில் இல்லை, கேபிளில் இருக்கிறது.

அரை மீட்டருக்கு மிகாத, கெபாசிட்டன்ஸ் குறைந்த கேபிளைப் போடுங்கள். ஒப்பிடும் டிரான்ஸிஸ்டர் ஸ்டேஜின் உள்ளே உள்ளீட்டில் 100 அல்லது 220 பிக்கோஃபாரட் கெபாசிட்டர் சால்டர் செய்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு பக்கமும் மொத்தத்தை ஒன்றாகக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் போன்றவை 150 முதல் 300 வரை தாங்கும் என்பதால் வால்வு ஸ்டேஜோடு எளிதாகப் பொருந்தும். லோட் ரெசிஸ்டர் (கார்ட்ரிட்ஜுக்குக் குறுக்கே நிற்பது) இரண்டிலும் 47 கிலோஓம்தானா என்பதையும் மீட்டரில் பார்த்துவிடுங்கள்.

எம்சி (காயில் அசையும் வகை) கார்ட்ரிட்ஜ் என்றால் இந்தத் தலைவலி இல்லை. அங்கே ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மரின் விகிதம்தான் முக்கியம். 47 கிலோஓமை விகிதத்தின் வர்க்கத்தால் வகுத்தால் கார்ட்ரிட்ஜ் பார்க்கும் லோட் கிடைக்கும். 1:10-க்கு 470 ஓம், 1:20-க்கு 118 ஓம். டெனான் டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட், காயில் 40 ஓம். 1:10-இல் அது 3 மில்லிவோல்ட்டாகி எம்எம் அளவுக்கு வந்துவிடுகிறது, அதுவே போதும். கெயின் வேண்டும் என்று 1:20-க்குப் போனால் லோட் இறுகி, ஒலியும் சற்று அடங்கும். டிரான்ஸ்ஃபார்மரைப் பவர் சப்ளையிலிருந்து 30 சென்டிமீட்டராவது தள்ளி வைத்து, மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஏதோ ஒரு கோணத்தில் ஹம் (மின் உறுமல்) சட்டென்று இறங்கும். அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஆம்ப் பக்கம்

கேத்தோடு ஃபாலோயர் (அனோடுக்குப் பதில் கேத்தோடு முனையிலிருந்து வெளியே எடுக்கும் வால்வு) இருக்கும் ஸ்டேஜ் என்றால் அவுட்புட் இம்பீடன்ஸ் சில நூறு ஓம்தான், கவலையில்லை. அனோடிலிருந்தே நேராக வெளியே எடுக்கும் எளிய சர்க்யூட்களில் அது 40 கிலோஓம் வரை போகும். அதற்குப் பின்னால் 300 பிக்கோஃபாரட் உள்ள நீளக் கேபிளைப் போட்டால் 13 கிலோஹெர்ட்ஸிலேயே ஒலி சரியத் தொடங்கிவிடும். கீழ்ப்பக்கமும் இதே கதை. அவுட்புட் கெபாசிட்டர் 0.47 மைக்ரோஃபாரட், ஆம்பின் உள்ளீடு 10 கிலோஓம் என்றால் 34 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் போய்விடும். 47 கிலோஓம் ஆம்பில் அதே கெபாசிட்டர் 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கும். 'வால்வில் பேஸ் இல்லை' என்ற புகாருக்குப் பாதி விடை இதில் இருக்கிறது.

ஆர்ஐஏஏ வளைவைப் பற்றியும் ஒரு சொல். 1954-இல் நிலைபெற்ற இந்த வளைவில் 3180, 318, 75 மைக்ரோசெகண்ட் என மூன்று நேர மாறிலிகள். தட்டில் பேஸைக் குறைத்தும் டிரெபிளை ஏற்றியும் வெட்டியிருப்பார்கள். போனோ ஸ்டேஜ் அதைத் திருப்பிப் போட வேண்டும். 1 கிலோஹெர்ட்ஸை ஒப்பிட்டால் 20 ஹெர்ட்ஸில் 19 டெசிபல் ஏற்றம், 20 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 20 டெசிபல் இறக்கம். 75 மைக்ரோசெகண்டைத் தீர்மானிக்கும் கெபாசிட்டர் 10 சதவீதம் விலகியிருந்தால் மேலே 0.8 டெசிபல் பிழை வரும். ஒரு முழு அதிர்வெண் பட்டையில் பரவிய 0.8 டெசிபலைக் காது 'பளிச்' என்றோ 'மங்கல்' என்றோதான் உணரும், பிழை என்று உணராது. பழைய பெட்டியானால் இந்தப் பாகங்களை அளந்து பார்க்காமல் எதையும் எழுத வேண்டாம். 78 ஆர்பிஎம் தட்டுகளையும் எடைபோடப் பயன்படுத்த வேண்டாம். 1954-க்கு முந்தையவற்றில் வளைவு கம்பெனிக்குக் கம்பெனி வேறு, ஊசியும் வேறு.

ஒலியளவைச் சமன் செய்தல்

0.5 டெசிபல் கூடுதலாக ஒலிப்பது காதுக்குச் 'சத்தம் கூட' என்று தெரியாது. 'தெளிவு கூட, உயிர் கூட' என்றுதான் தெரியும். அதனால் இந்த வேலையைத் தவிர்க்கவே முடியாது. சோதனை எல்பியில் 1 கிலோஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனையில் அளவெடுங்கள். ஒரு ஸ்டேஜில் 2.00 வோல்ட் என்றால் மற்றதிலும் 2.00-க்கும் 2.04-க்கும் இடையே வரும்படி வால்யூமை வைத்து, அந்த இடத்தைக் குமிழில் சிறு டேப் ஒட்டி அடையாளம் செய்யுங்கள். மலிவான மீட்டர் 1 கிலோஹெர்ட்ஸில் துல்லியம் காட்டாது, ஆனால் இரண்டையும் அதே மீட்டரில் ஒப்பிடுவதால் பாதகமில்லை. இடது, வலது இரண்டையும் தனித்தனியே பாருங்கள். இரு வால்வுகளின் கெயினில் ஒரு டெசிபல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். பாடகர் நடுவிலிருந்து அரை அடி நகர்ந்து உட்கார்ந்தால் காரணம் பெரும்பாலும் அதுதான்.

ஹம்: ஊசியைத் தூக்கிவிட்டுக் கேளுங்கள்

ஊசி தட்டில் இல்லாதபோது வழக்கமான வால்யூமில் ஸ்பீக்கரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நின்று கேளுங்கள். மெல்லிய 'ஸ்ஸ்' மட்டும் வந்தால் நல்லது. உறுமல் வந்தால் அது 50 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸா என்று பிரித்தறிவது முக்கியம், ஏனென்றால் வைத்தியம் வேறு. 50 என்றால் எர்த் லூப், அல்லது பக்கத்தில் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப் புலம். டர்ன்டேபிளின் எர்த் வயரைப் போனோ ஸ்டேஜின் எர்த் முனையில் மட்டும் கட்டி, பெட்டிகளைத் தள்ளி வையுங்கள். 100 என்றால் ரெக்டிஃபையருக்குப் பின் உள்ள ஃபில்டர் கெபாசிட்டர் காய்ந்துவிட்டது.

கர்நாடக இசை தெரிந்தவருக்கு இதைப் பிரிக்க மீட்டர் வேண்டாம். 100 ஹெர்ட்ஸ் என்பது 5 கட்டை சட்ஜத்துக்குச் சற்று மேலே, கீழ் ஸ்தாயியில் நிற்கும். 50 அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே. இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. 5 அல்லது 5½ கட்டையில் பாடிய கச்சேரித் தட்டில் இந்த ஹம் தம்புராவுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். ஒலி 'நிறைவாக' இருப்பதாகத் தோன்றும், அல்லது சுருதியோடு உரசி மெல்ல அலையும். அதனால்தான் ஹம்மைப் பாட்டு ஓடாதபோது முடித்துவிட வேண்டும்.

அடுத்தது தட்டிப் பார்ப்பது. பென்சிலின் ரப்பர் முனையால், வால்யூமைப் பாதியில் வைத்து, முதல் ஸ்டேஜ் வால்வின் (சிக்னலை முதலில் பெருக்கும் வால்வின்) கண்ணாடியை மெல்லத் தட்டுங்கள். 'டக்' என்று வந்து உடனே அடங்கினால் நல்ல வால்வு. 'டிங்ங்' என்று மணி போல நீண்டால் அது மைக்ரோஃபோனிக். ஸ்பீக்கரின் சத்தமே அந்த வால்வை அதிர வைத்து, அந்த அதிர்வு பாட்டோடு சேரும். பாட்டில் அது எதிரொலி போல, சற்றுக் கூடுதல் 'இடம்' போலத் தோன்றும், ஏமாற வேண்டாம். அந்த வால்வைப் பின் ஸ்டேஜுக்கு மாற்றினால் சிக்னல் பெரிதாகிவிட்ட இடம் என்பதால் தொந்தரவு அடங்கும். முதல் ஸ்டேஜில் எப்போதும் இருப்பதிலேயே அமைதியான வால்வு இருக்க வேண்டும்.

எதைப் போட்டுக் கேட்பது

கழுவிய தட்டுகள் மூன்று போதும். தம்புரா, வயலின், மிருதங்கத்தோடு ஒரு வாய்ப்பாட்டு எல்பி, தனி வீணை ஒன்று, நாதஸ்வரம் தவில் ஒன்று. வெளியோரப் பாட்டையே தேர்ந்தெடுங்கள். 33⅓ வேகத்தில் வெளியோரத்தில் பள்ளம் ஊசிக்கடியில் வினாடிக்கு 51 சென்டிமீட்டர் ஓடுகிறது, உள்ளோரத்தில் 21 மட்டுமே. உள்ளே வரும் பிசிறு ஊசியின் குறை, அதைப் போனோ ஸ்டேஜின் கணக்கில் எழுதக் கூடாது.

தம்புராவில் தொடங்குங்கள். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என நான்கு மீட்டுகளையும் குரலுக்குப் பின்னால் தனித்தனியாக எண்ண முடிகிறதா? ஜீவாளி நூல் தரும் அந்த ரீங்காரம் மந்தரத் தந்தியில் மேலே விரிந்து தேய்வது கேட்கிறதா? இரைச்சல் கூடிய ஸ்டேஜில் நான்கும் ஒரே போர்வையாகிவிடும்.

மிருதங்கத்துக்குப் போங்கள். தொப்பியின் (இடப்பக்கத் தோலின்) கும்கியை மட்டும் கவனியுங்கள். கை அழுத்தி நகரும்போது அந்தக் கீழ் ஒலி வழுக்கி மேலேறும். அந்த வழுக்கலின் சுருதி ஏறுவது காதில் விழுந்தால் பவர் சப்ளையும் ஆர்ஐஏஏ-யின் கீழ்ப்பக்கமும் நன்றாக இருக்கின்றன. வெறும் 'தும்' மட்டும் வந்து வழுக்கல் தொலைந்தால் ஏதோ ஒன்று போதவில்லை. வலந்தலையின் சாப்பு, மீட்டு இரண்டும் வேறு வேறாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் முதலில் மேலே சொன்ன கெபாசிட்டன்ஸ் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

வீணையில், ஒரு மீட்டு தேய்ந்து தட்டின் இரைச்சலுக்குள் மறையும் கணம்வரை பின்தொடருங்கள். எத்தனை நொடி பிடிக்க முடிகிறது என்று இரண்டு ஸ்டேஜிலும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல வால்வு ஸ்டேஜின் பெருமை இங்கேதான் வெளிப்படுகிறது என்பது எங்கள் தீர்மானமான கருத்து. இரைச்சல் என்ற அளவில் டிரான்ஸிஸ்டரே அமைதி. ஆனாலும் தேய்வின் கடைசிப் பகுதி சீராக இறங்குவது நன்றாகச் செய்த வால்வு ஸ்டேஜில் மனதைத் தொடும். 12ஏஎக்ஸ்7 போன்ற டிரையோடு வால்வின் பிசகு முக்கியமாக இரண்டாம் ஹார்மோனிக் (அடிப்படை அதிர்வெண்ணின் இரு மடங்கு). அது மேல் ஸ்தாயி சட்ஜம், அதாவது அதே ஸ்வரம். மூன்றாவது மேல் பஞ்சமம். இவை தம்புராவிலேயே இருப்பவை என்பதால் காது அவற்றை அந்நியமாக நினைப்பதில்லை. அளவு மீறினால் மட்டும் குரல் தடித்து, எல்லா வித்துவான்களும் ஒரே தொண்டையில் பாடுவது போல ஆகும்.

நாதஸ்வரமும் தவிலும் ஓவர்லோடை (சிக்னல் ஸ்டேஜ் தாங்கும் அளவை மீறுவதை) சோதிக்க. உச்சஸ்தாயியில் சீவாளியின் கூர்மை அப்படியே இருக்க, தவில் அடி விழும்போது அது நசுங்குகிறதா என்று பாருங்கள். இதே வேளையில் கீறலின் 'டிக்' சத்தத்தையும் கவனியுங்கள். ஓவர்லோடுக்கு இடம் வைத்துச் செய்த ஸ்டேஜில் அது குறுகலாக வந்து போய்விடும், பாட்டிலிருந்து விலகி நிற்கும். இடம் போதாத ஸ்டேஜில் ஒவ்வொரு 'டிக்'கும் சற்று இழுபட்டு, பாட்டை மறைக்கும். பழைய தட்டுகளை அதிகம் கேட்பவருக்கு டிரெபிளின் அழகைவிட இதுதான் முக்கியம்.

குறிப்பு எழுதும்போது 'இதம்', 'இயல்பு' போன்ற சொற்களை மட்டும் வைத்து நிறுத்த வேண்டாம். 'இரண்டாம் பாட்டு, தொடக்க ஆலாபனை: தம்புராவின் மந்தரம் தெளிவு, 'ஸ' கடிக்கவில்லை, கும்கி வழுக்கல் பழைய ஸ்டேஜைவிடக் குறைவு' என்று எழுதினால் அதே தட்டு வைத்திருப்பவர் சரிபார்க்க முடியும். கார்ட்ரிட்ஜ், ஊசி எடை, கேபிள் நீளம், ஆம்பின் உள்ளீட்டு இம்பீடன்ஸ் நான்கும் குறிப்பின் தலையில் இருக்க வேண்டும்.

வித்தியாசம் நுணுக்கம் என்று தோன்றினால் இரண்டு ஸ்டேஜின் வெளியீட்டையும் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிவுசெய்து, அளவைச் சமன் செய்து, வேறொருவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். பத்துக்கு ஒன்பது முறை சரியாகச் சொன்னால் அது குருட்டாம்போக்கில் வர வாய்ப்பு நூற்றில் ஒன்றுதான்.

வால்வு மாற்றிப் பார்ப்பது

ஒரு நேரத்தில் ஒரு இடம் மட்டும் மாற்றுங்கள். முல்லார்ட், டெலிஃபுங்கன், பெங்களூர் பெல் நிறுவனத்தின் பழைய வால்வுகள், இன்றைய ஜேஜே என எதைப் போட்டாலும் அமைதியிலும் மைக்ரோஃபோனிக்கிலும் இருக்கும் வித்தியாசம், தொனியில் இருப்பதைவிடப் பெரிது. பழைய பெயரை அச்சடித்த போலிகளும் உண்டு, கண்ணாடிமேல் உள்ள பெயரை மட்டும் நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். ஃபீட்பேக் (வெளியீட்டில் ஒரு பகுதியைத் திருப்பி உள்ளே செலுத்துவது) இல்லாத, பாசிவ் ஆர்ஐஏஏ சர்க்யூட்டில் தொனி கொஞ்சம் மாறுவது உண்மை. 12ஏஎக்ஸ்7-இன் உள் ரெசிஸ்டன்ஸ் சுமார் 62 கிலோஓம், 100 கிலோஓம் அனோடு ரெசிஸ்டரோடு சேர்ந்து 38 ஆகி, அது ஆர்ஐஏஏ வலையின் ஒரு பகுதியாகிறது. தேய்ந்த வால்வில் இது ஏற, வளைவு 0.3 டெசிபல் அளவு நகரும். ஈசிசி88-ஐ இந்தச் சாக்கெட்டில் செருகவே கூடாது. ஒன்பது பின்னும் பொருந்தும், ஆனால் ஹீட்டர் இணைப்பு வேறு.

கோளாறுகள் சில. ஒரு பக்கம் மங்கினால் இரு வால்வையும் இடம் மாற்றுங்கள். கோளாறும் கூடவே மாறினால் வால்வு, மாறாவிட்டால் சர்க்யூட். 'சரசர' என்றால் பின்களை ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் துடைத்துச் சாக்கெட்டை இறுக்குங்கள். போகாவிட்டால் அனோடு ரெசிஸ்டரை மாற்ற வேண்டும். 'புட் புட்' என்று மோட்டார் படகு போல வந்தால் பெருக்கும் கட்டங்களின் பவர் சப்ளையைப் பிரித்து வைக்கும் டீகப்ளிங் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர் காய்ந்திருக்கிறது. சத்தமான இடங்களில் மட்டும் கரகரத்தால் அடுத்த வால்வின் கிரிட்டில் டிசி அளந்து பாருங்கள். பூஜ்யத்துக்கு மேலே ஏதாவது நின்றால் வால்வுகளுக்கு இடையே சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெபாசிட்டர் கசிகிறது. கேத்தோடில் 1.5 கிலோஓம் இருந்தால் அங்கே 1.2 வோல்ட் சுற்றி நிற்க வேண்டும். அதிலிருந்து வெகுவாக விலகியிருந்தால், மேலே சொன்ன எந்தக் கேட்டல் குறிப்பையும் அன்று எழுத வேண்டாம்.